முதல் பக்கத்தில் வந்த நம்பர்

ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சோறு தின்று கை கழுவிய ஈரம் காய்வதற்குள் சனோபர் அதைப் பார்த்துவிட்டாள். செல்போனில் 'தென்காசி ஆக்சிஜன் வாடகைக்கு' என்று அடித்துத் தேடினால், முதல் பக்கத்தின் மேல்வரிசையிலேயே 'கைத்தாங்கல் ஹோம் கேர், குத்துக்கல்வலசை' என்று வந்து நின்றது. நம்பாமல் ஒருமுறை மூடிவிட்டுத் திறந்தாள். அப்போதும் அது அங்கேயேதான் நின்றது.

"மாமி, வந்துட்டு!" என்று கத்தினாள்.

"யாருட்டி வந்தது? வாசல்ல ஒரு ஈ காக்காயக் காணோமே" என்று அடுக்களையிலிருந்து தலையை நீட்டினாள் ஜாஹிரா பீவி. சனோபரின் மாமியார். கையில் மீன்சட்டி கழுவுகிற நார்.

"நம்ம கடை, மாமி. கூகுள்ல முதல் பக்கத்துல வந்துட்டு."

"அதுக்கா இந்தக் கூப்பாடு? நான் சுஹைபுதான் சொல்லாம கொள்ளாம வந்து நிக்கானோன்னு ஓடி வாரேன்."

கடை என்று பெயர்தானே தவிர, அது வீட்டின் முன்னறை. அதில் மடக்குக் கட்டில்களும் சக்கர நாற்காலிகளும் ஆக்சிஜன் சிலிண்டர்களும் சுவரை ஒட்டி நின்றன. படுக்கையில் விழுந்த நோயாளி இருக்கிற வீடுகளுக்கு வாடகைக்குக் கொடுப்பது தொழில். சார்ஜாவில் வேலை பார்க்கும் சுஹைப், போன தடவை லீவில் வந்திருந்தபோது புருசனும் பெண்டாட்டியுமாகச் சேர்ந்து தொடங்கியது. லோடு ஆட்டோவில் சாமான் கொண்டுபோய் இறக்குவது மாமனார் பரீது. மற்றதெல்லாம் சனோபர்.

கடை ஊருக்குத் தெரிந்தால் போதாது, கூகுளுக்கும் தெரிய வேண்டும் என்று முதலில் சொன்னவள் கிருபா. சனோபரோடு கம்ப்யூட்டர் சென்டரில் படித்தவள். இப்போது கோயம்புத்தூரில் கடைகளை இன்டர்நெட்டில் ஏற்றிவிடுகிற வேலையாகவே இருக்கிறாள். "இன்டர்நெட்ல எத்தன டைரக்டரி உண்டோ அத்தனையிலயும் கடையப் பதிஞ்சு வையி. பேரு, விலாசம், போன் நம்பர் மூணும் எல்லா இடத்துலயும் ஒரே மாதிரி இருக்கணும். நாலு பேரு ஒண்ணா சாட்சி சொன்னாதான கோர்ட்டு நம்பும்? கூகுளும் அப்படித்தான்" என்றாள். சனோபர் ராப்பகலாக உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பதிந்தாள்.

பெயருக்கும் விலாசத்துக்கும் பிரச்சினை வரவில்லை. நம்பரில்தான் வந்தது. "பொம்பளப் புள்ள நம்பரு ஊரு மேயக் கூடாது. கண்டவன் கண்ட நேரத்துல கூப்பிடுவான்" என்று ஜாஹிரா பீவி ஒரே பிடியாக நின்றாள். பரீதும் தலையாட்டினார். சுஹைபும், "என் நம்பரப் போடேன், என்ன இப்போ" என்றான். அப்படியே எல்லா இடத்திலும் சுஹைபின் நம்பர் ஏறியது.

லீவு முடிந்து அவன் விமானம் ஏறினான். அங்கே போன பிறகு இந்த ஊர் சிம்முக்கு யார் ரீசார்ஜ் பண்ணுவது? கொஞ்ச காலத்தில் நம்பர் செத்துப்போனது. சனோபர் திரும்ப உட்கார்ந்து, மாற்ற முடிந்த இடங்களிலெல்லாம் மாமனார் நம்பரைப் போட்டாள். சில டைரக்டரிகளில் மாற்ற விடவில்லை. உள்ளே நுழையவே பழைய நம்பருக்குத்தான் ஓடிபி போகும் என்றன. செத்த நம்பருக்கு வந்த ஓடிபியை யாரிடம் போய்க் கேட்பது? கிடக்கட்டும், அதையெல்லாம் யார் பார்க்கப் போகிறார்கள் என்று விட்டுவிட்டாள்.

இப்போது முதல் பக்கத்தில் நின்ற கடைப் பெயரை ஆசையாகத் தொட்டாள். பக்கம் விரிந்தது. 'நம்மூர்ப் பக்கம்' என்ற டைரக்டரி. முதன்முதலில் பதிந்தது அதில்தான். கடைப் பெயருக்குக் கீழே, பச்சை எழுத்தில், 'உடனே அழையுங்கள்' என்று சுஹைபின் செத்த நம்பர்.

வாய்க்குள் இருந்த மீன் ருசி கசந்துபோனது. அந்த டைரக்டரிக்கு என்று கொடுத்திருந்த மெயிலைத் திறந்து பார்த்தாள். மத்தியானம் தொழுகை நேரத்தில் வந்த ஒன்று படிக்காமல் கிடந்தது.

'புதிய விசாரணை. பெயர்: மிஸ் ஜாய். இடம்: குற்றாலம். தேவை: ஆக்சிஜன் சிலிண்டர். குறிப்பு: அப்பாவுக்கு மூச்சு முட்டுது. கொண்டு வந்த ஆக்சிஜன் மெஷின் நின்னுபோச்சு. 108-க்குச் சொல்லியாச்சு, வண்டி கூட்டத்தில் மாட்டிக்கிச்சு. உங்க நம்பருக்குப் போட்டுப் போட்டுப் பார்க்கேன். ஒரு தடவை எடுத்துத் திட்டிட்டு வச்சுட்டீங்க. தயவுசெய்து எடுங்க.'

அதன் கீழே ஜாயின் போன் நம்பர். முன்னால் இரண்டு எண், பின்னால் இரண்டு எண். நடுவில் முழுக்கப் புள்ளி. முழு நம்பரைப் பார்க்க உள்ளே நுழைய வேண்டும். நுழைய ஓடிபி வேண்டும்.

சனோபர் சுவரோரம் நின்ற சிலிண்டரைப் பார்த்தாள். நேற்றுத்தான் நிரப்பி வந்தது. சீசன் ஞாயிற்றுக்கிழமை, சாரல் வேறு நன்றாக விழுகிறது. அருவிக் கூட்டத்துக்குள் எந்த லாட்ஜில், எந்த அறையில் என்று தேடுவது?

மாமனாருக்குப் போட்டாள். ஆய்க்குடியில் கட்டில் இறக்கிக்கொண்டிருந்தார். "நான் வாரேன், நீ வீட்டுல இரு" என்றார். அங்கிருந்து கிளம்பி, தென்காசி நெரிசலைத் தாண்டி, எப்போது வருவது? வந்தாலும் எங்கே போவது?

"ஏட்டி, ஏன் மொகம் இப்படிப் போயிட்டு?" ஜாஹிரா பீவி கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். சனோபர் மெயிலை வாசித்துக் காட்டினாள். வாசித்து முடித்ததும் இரண்டு பேருக்கும் ஒரே வரிதான் உறைத்தது. எடுத்துத் திட்டிவிட்டு வைத்தது யார்?

"அப்ப அந்த நம்பரு சாகல மாமி. வேற யாருக்கோ குடுத்துட்டான் கம்பெனிக்காரன்."

சனோபர் டைரக்டரியில் 'ஓடிபி அனுப்பு' என்பதை அமுக்கினாள். பிறகு அந்த நம்பரை அடிக்கப் போனாள். ஜாஹிரா பீவி சட்டென்று தன்னுடைய பட்டன் போனை நீட்டினாள். "ஒன் போன்ல வேண்டாம். யாரு எவன்னு தெரியாது. இதுல போடு."

மணி அடித்தது. எடுத்தது ஆண் குரல். பின்னால் தேங்காய் உரிக்கிற சத்தம்.

"யாரு?"

"அண்ணாச்சி, நான் குத்துக்கல்வலசையில இருந்து பேசுதேன். ஒங்க நம்பருக்கு இப்ப ஒரு ஓடிபி வந்திருக்கும்."

"வந்திருக்கு."

"அதக் கொஞ்சம் சொல்லுதீங்களா? அவசரம்."

அந்தப் பக்கம் இன்னொரு தேங்காய் உரிபட்டது.

"ஏம்மா, சோறு தின்னாச்சா?"

"என்ன அண்ணாச்சி?"

"இல்ல, ஞாயித்துக்கெழம கூட லீவு போடாம ஏமாத்துதீங்களே, வேளைக்குத் திங்கீங்களான்னு கேட்டேன். முன்ன ஒருத்தன் பேங்குல இருந்துன்னான். பெறகு ஒருத்தன் கரண்டு பில்லுன்னான். இப்பப் பொம்பளய எறக்கிட்டானுவளாக்கும்? வைம்மா போன!"

மறுபடி போட்டாள். மணியே அடிக்காமல் அறுந்தது. மறுபடி. அதே.

"பிளாக்ல போட்டுட்டாரு" என்றாள் சனோபர்.

"பின்ன என்னட்டி, ஓடிபியக் கேட்டா எவன் குடுப்பான்? ஒங்க மாமா டீக்கடையில டிவில சொன்னத வந்து வந்து சொல்லுவாரே. பெத்த தகப்பன் கேட்டாலும் குடுக்காதன்னு."

அதுவும் சரிதான். தன்னிடம் ஒருவர் கேட்டிருந்தால் சனோபரும் கொடுத்திருக்க மாட்டாள். அந்த மனிதர் மேல் ஒரு தப்பும் இல்லை. கேட்டதில்தான் தப்பு. அவள் கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். எனக்கு வேண்டியது ஓடிபியா? இல்லை. ஜாயின் நம்பர். ஜாய் அவருக்குப் போட்டுப் போட்டுப் பார்த்ததாக எழுதியிருக்கிறாள். அப்படியென்றால் அந்த நம்பர் அவர் போனிலேயே கிடக்கிறது.

தன் போனை எடுத்தாள். ஜாஹிரா பீவி அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"ஒன் நம்பரு அவன் போன்ல பதிஞ்சுரும்ட்டி."

"பதியட்டும் மாமி."

"நாளைக்கு ஒண்ணுன்னா ஒன் புருசனுக்கு யாரு பதில் சொல்ல?"

"இன்னைக்கு அந்தப் பொண்ணோட அப்பா செத்துப்போனா அவளுக்கு யாரு பதில் சொல்ல?"

பிடி விட்டது. சனோபர் அமுக்கினாள்.

"ஹலோ."

"அண்ணாச்சி, வச்சிராதீங்க. ஓடிபி வேண்டாம். ஒரு எழுத்துக்கூடச் சொல்ல வேண்டாம். இன்னைக்கு ஒரு பொண்ணு ஆக்சிஜன் கேட்டு ஒங்களுக்குப் போன் போட்டாளா, இல்லையா? அத மட்டும் சொல்லுங்க."

"நீயும் அவளும் ஒரே கூட்டமா?"

"அவள நான் பாத்ததே இல்ல. அவ அப்பாவுக்கு மூச்சு முட்டுது. குத்தாலத்துல கெடக்காங்க. ஆக்சிஜன் இந்தா என் காலுகிட்ட நிக்கி. ஒங்க நம்பரு முன்னால என் வீட்டுக்காரர் நம்பரு. எங்க கடைக்குப் போடுத போனெல்லாம் ஒங்களுக்கு வருது."

தேங்காய் உரிக்கிற சத்தம் நின்றது.

"அடப் பாவிகளா, அது நீங்கதானா? ஏம்மா, நான் அச்சன்புதூர்ல தேங்கா யாவாரி. பேரு ஆவுடையப்பன். இந்த நம்பர வாங்கின நாள்ல இருந்து ஒருத்தன் கட்டில் இருக்கான்னு கேக்கான், ஒருத்தன் வீல்சேர்ங்கான். கல்யாணப் பந்தியில எலயப் போட்டு உக்காந்திருக்கேன், ஒருத்தன் கக்கூஸ் நாக்காலி வாடகை என்னங்கான். எனக்கு வாயில என்னமா வரும்? அந்தக் கோவத்துல இன்னைக்கு அந்தப் பொண்ணையும்..." குரல் இறங்கியது. "நெசமாவே மூச்சு முட்டுதா?"

"நெசமா அண்ணாச்சி. அவ நம்பரச் சொல்லுங்க, நான் பேசிக்கிடுதேன்."

பிறகு ஆவுடையப்பன் நிதானமாகச் சொன்னார்:

"அது முடியாதும்மா. ஒரு பொம்பளப் புள்ள நம்பர, முன்னப் பின்ன தெரியாத ஆளுக்கு நான் எப்படிக் குடுக்க? எனக்கும் ரெண்டு பொண்ணு இருக்கு. நீ சொல்லுதது நெசமாவும் இருக்கும், பொய்யாவும் இருக்கும். நாளைக்கு அந்தப் புள்ளைக்கு ஒண்ணுன்னா?"

சனோபருக்குச் சிரிப்பும் வரவில்லை, அழுகையும் வரவில்லை. இதே பேச்சு இதே முன்னறையில் வைத்துப் பேசித்தான் இவ்வளவும் வந்தது. அவள் மாமியாரைப் பார்த்தாள். ஜாஹிரா பீவி போனுக்குக் காதைக் கொடுத்து நின்றிருந்தாள். பேச்சு அவளுக்கும் கேட்டுவிட்டது. பார்வையைச் சிலிண்டர் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"அப்படின்னா என் நம்பர அவளுக்குக் குடுங்க அண்ணாச்சி" என்றாள் சனோபர். "இப்பப் பேசுதேன்லா, இது என் சொந்த நம்பரு. நீங்களே அவளுக்குப் போட்டுச் சொல்லுங்க. குத்துக்கல்வலசை சனோபர், லோடு ஆட்டோ பரீது மருமவ, ஆக்சிஜனோட நிக்கா, ஒடனே கூப்பிடுன்னு."

"அது சரி. அது செய்யலாம்." ஒரு பெருமூச்சு. "ஆனா அவளப் பிளாக்ல போட்டுட்டேனே. சின்னவ சொல்லிக் குடுத்தா எப்படிப் போடணும்னு. எப்படி எடுக்கணும்னு சொல்லல. அவ கோயிலுக்குப் போயிருக்கா."

"எடுக்க வேண்டாம், பிளாக்ல இருந்தாலும் நீங்க போட்டா அவளுக்குப் போகும். போன் வந்த லிஸ்டத் தொறங்க. அவ நம்பர அமுக்கிப் பிடிச்சா மெனு வரும், அதுல இருந்து போடுங்க."

"கண்ணாடியக் காணோம். இரும்மா. ஏலே, என் கண்ணாடி எங்கலே!"

போன் அப்படியே கீழே வைக்கப்படுகிற சத்தம். தூரத்தில் யாரோ யாரையோ ஏசுகிறார்கள். சனோபர் காதிலிருந்து போனை எடுக்காமலே ரெகுலேட்டரையும் மாஸ்க்கையும் பைக்குள் போட்டாள். ஜாஹிரா பீவி சொல்லாமலே சிலிண்டர் சாவியை ஆணியிலிருந்து எடுத்து இடுப்பில் செருகினாள்.

"கெடச்சிட்டு. அமுக்குதேன். என்னமோ வருது... சரிம்மா, வச்சுட்டு அவளுக்குப் போடுதேன்."

அறுந்தது. பிறகு ஒன்றுமில்லை.

சிலிண்டரைப் போர்வையில் சுற்றி வாசலுக்கு உருட்டி வந்தார்கள். சனோபரின் ஸ்கூட்டர் தயாராக நின்றது. போன் அடிக்கவில்லை. தெருவில் ஒரு ஐஸ் வண்டி போனது. போன் அடிக்கவில்லை. அவர் தப்பாக எதையாவது அமுக்கிவிட்டாரோ? அவள் எடுக்கவில்லையோ? எடுக்கிற நிலையில் இல்லையோ?

அடித்தது.

"அக்கா, கைத்தாங்கலா? நீங்க நெசமாவே இருக்கீங்களாக்கா?" ஒரு இளம்பெண். பேச்சுக்கு நடுவே, கொஞ்சம் தள்ளி, யாரோ ஒருவர் மூச்சை இழுப்பது கேட்டது. கிணற்று ராட்டினம் எண்ணெயில்லாமல் சுற்றுகிற மாதிரி.

"இருக்கேன்மா. எங்க இருக்கீங்க?"

"ஐந்தருவி ரோட்டுல ஒரு காட்டேஜ், மாடியில. தூத்துக்குடியில இருந்து வந்தோம். அப்பாக்கு நுரையீரல்ல பழைய பிரச்சினை. மெஷின் கையோட கொண்டாந்தோம், காலையில கரண்டு போயிட்டு வந்ததுல அடிச்சுப்போச்சு..."

"லொகேஷன் அனுப்பு. இந்த நம்பருக்கு. வந்துட்டே இருக்கேன்."

ஸ்கூட்டரின் பின்னால் ஜாஹிரா பீவி ஒருக்களித்து ஏறி உட்கார்ந்தாள். "தூக்கி என் மடியில வையி."

"மாமி, கனம்."

"நாலு பெத்தவட்டி நான். வையி."

தென்காசிக்குள் நுழைந்ததுமே தெரிந்துவிட்டது. குற்றாலம் போகிற நேர் ரோட்டில் மேலகரம் வரைக்கும் வண்டிகள் வரிசை கட்டி நின்றன. கூரையில் அண்டாவும் அடுப்பும் கட்டிய வேன்கள். சனோபர் இலஞ்சிப் பக்கம் திருப்பினாள். சாரல் முகத்தில் ஊசியாகக் குத்தியது. முதுகில் சிலிண்டரின் தலை இடித்துக்கொண்டே வந்தது. ஒவ்வொரு பள்ளத்துக்கும் "யா அல்லா" என்று ஒரு குரல்.

இலஞ்சி தாண்டி, குற்றாலத்துக்குத் திரும்புகிற இடத்தில் போலீஸ்காரர் ஒருவர் தடுப்பைக் குறுக்கே இழுத்து விட்டிருந்தார். "இந்தப் பக்கம் போகக் கூடாது. வர்ற வண்டிக்கு மட்டும்தான்."

"அவசரம் சார், ஆக்சிஜன்."

"எல்லாருக்கும் அவசரம்தாம்மா. குளிக்கப் போற அவசரம்."

ஜாஹிரா பீவி போர்வையை விலக்கிக் காட்டினாள். "ஏய்யா, இதையா தேச்சுக் குளிப்பாங்க? அங்கன ஒரு மனுசன் மூச்சுக்கு இழுத்துக்கிட்டுக் கெடக்காரு. தடுப்ப எடுங்க, இல்ல நீங்களே இதத் தூக்கிட்டு ஓடுங்க."

தடுப்பு நகர்ந்தது.

அருவிக்குப் போகிற கூட்டமும் குளித்து வருகிற கூட்டமும் ரோட்டை அடைத்துக்கொண்டு நடந்தன. எண்ணெய் வழிகிற முதுகுகள், ஈரத் துண்டுகள், நேந்திரங்காய்ச் சிப்ஸ் பொட்டலங்கள். சனோபர் ஹாரனிலிருந்து விரலை எடுக்கவேயில்லை. "வீட்டுல சொல்லிட்டு வந்தியா" என்று எவனோ ஏசினான். அவள் பைக்குள் போன் அடித்தது. ஓட்டுகிற கையால் எடுக்க முடியாது.

"நான் எடுக்கேன்" என்று ஜாஹிரா பீவி பின்னாலிருந்து கைவிட்டு எடுத்தாள். மருமகளின் போனை அவள் எடுத்துப் பேசுவது இதுதான் முதல் தடவை. "ஆங், சொல்லும்மா... பேச மாட்டேங்காரா? கண்ணு தொறந்திருக்கா? பதறாத பெத்தவளே. படுக்க வச்சிருக்கியா? எந்திச்சு உக்கார வையி. முன்னால ஒரு தலகாணியக் குடுத்து அதுல சாய விடு. சன்னலத் தொற. நாங்க இந்தா வந்துட்டோம், இந்தா வந்துட்டோம்." வைத்ததும் குரல் மாறியது. "ஏட்டி, வெரசாப் போ."

காட்டேஜ் வாசலில் ஜாய் நின்றிருந்தாள், தலைமுடி முழுக்க நனைந்து. மூன்று பெண்களுமாகச் சிலிண்டரைப் படியில் ஏற்றினார்கள். அறைக்குள், கட்டில் விளிம்பில், தலையணையைக் கட்டிக்கொண்டு அவள் அப்பா ஏசுதாசன் உட்கார்ந்திருந்தார். தோள் இரண்டும் காதுவரை ஏறி ஏறி இறங்கின. உதடு நாவல்பழம் தின்றவர் மாதிரி இருந்தது. கண் திறந்திருந்தது, யாரையும் பார்க்கவில்லை.

சனோபர் ரெகுலேட்டரை மாட்டினாள். மாமியார் இடுப்புச் சாவியை எடுத்துக் கொடுத்தாள். திருகினாள். சத்தமில்லை. இன்னும் திருகினாள். காற்று வரவில்லை.

"என்னக்கா? காலியா? காலி சிலிண்டரையா கொண்டாந்தீங்க?" ஜாயின் குரல் கிழிந்தது.

நேற்று நிரப்பி வந்தது. காலியாக இருக்க முடியாது. சனோபர் ரெகுலேட்டரைத் திரும்பக் கழற்றினாள். அவசரத்தில் திருகு மறை இறுகிக்கொண்டது. கழன்றதும் தெரிந்தது. வாய்க்கு ஒட்டியிருந்த பிளாஸ்டிக் உறை. நிரப்புகிறவர்கள் ஒட்டி அனுப்புவது. மாட்டும் முன் கிழிக்க வேண்டியது. எத்தனையோ தடவை கிழித்திருக்கிறாள். நகத்தால் பிய்த்து எறிந்தாள். திரும்ப மாட்டித் திருகினாள்.

உஸ்ஸென்றது.

"முழுசாத் தொறங்கக்கா!"

"இல்ல. இவருக்கு எவ்வளவு வைக்கச் சொல்லிருக்காரு டாக்டர்?"

"நிமிசத்துக்கு ரெண்டு லிட்டர்."

"அப்ப ரெண்டுதான். இந்த நோவுக்காரங்களுக்குக் கூடுதலா வச்சா அதுவே ஆபத்து." முள்ளை இரண்டில் நிறுத்தி, மாஸ்க்கை அவர் முகத்தில் வைத்துப் பிடித்தாள்.

அருவிச் சத்தம் மட்டும் சன்னல் வழியாக வந்துகொண்டிருந்தது. அவர் மூச்சு அதோடு சேராமல் தனியாக இழுத்தது. இழுத்தது. பிறகு, ஒரு இழுப்புக்கும் அடுத்த இழுப்புக்கும் நடுவே கொஞ்சம் இடம் விழுந்தது. ஏசுதாசனின் கை மெல்ல வந்து, மாஸ்க்கைப் பிடித்திருந்த சனோபரின் கைமேல் அமர்ந்தது. சில்லென்றிருந்தது. உதட்டின் ஊதா ஓரத்திலிருந்து கரையத் தொடங்கியது.

ஆம்புலன்ஸ் அதற்குப் பிறகுதான் வந்து சேர்ந்தது. அவரை இறக்கி ஏற்றும்போது ஜாய் படியில் நின்று சனோபரைத் திரும்பிப் பார்த்தாள். நன்றி சொல்லப்போகிறாள் என்று ஜாஹிரா பீவி நினைத்தாள்.

"அக்கா, நீங்க வந்தீங்க. சரி. ஆனா அந்த நம்பர அங்க போட்டது யாரு?"

"நாங்கதான்" என்றாள் சனோபர்.

ஜாய் தலையை ஆட்டிவிட்டு ஆம்புலன்ஸில் ஏறிக்கொண்டாள்.

தென்காசி ஆஸ்பத்திரி வராந்தாவில் மாமியாரும் மருமகளும் ஈர உடையோடு உட்கார்ந்திருந்தார்கள். உள்ளே வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சொல்வதற்கில்லை, பொறுங்கள் என்று நர்ஸ் சொல்லிப் போயிருந்தாள். சனோபர் போனில் கிருபா சொல்லிக் கொடுத்த டைரக்டரிகளை ஒன்றொன்றாகத் திறந்து, மாமனார் நம்பரை அழித்துக்கொண்டிருந்தாள். அந்த இடத்தில் தன் சொந்த நம்பரை ஏற்றினாள். ஓடிபி அவள் போனுக்கே வந்தது. அடித்தாள். அடுத்தது.

பரீது மூச்சு வாங்க வந்து சேர்ந்தார். விசயத்தைக் கேட்டார். மருமகள் செய்துகொண்டிருந்ததையும் பார்த்தார். "அதெதுக்கும்மா மாத்துத? என் நம்பரே இருக்கட்டும். வாரதுக்கு நான் பதில் சொல்லிக்கிடுதேன்."

"நீரு கட்டில் எறக்குத நேரம் எடுப்பீரா? வண்டி ஓட்டுத நேரம் எடுப்பீரா?" என்றாள் ஜாஹிரா பீவி. "இப்பவே எத்தன மிஸ்டு கால் கெடக்குன்னு எடுத்துப் பாரும்."

பரீது எடுத்துப் பார்த்தார். திரும்பப் பைக்குள் போட்டார். "ஊரு என்ன சொல்லும்னு ஒண்ணு இருக்குல்லா?"

"சொல்லட்டும். எவனாவது வேண்டாத பேச்சுப் பேசினா போன எங்கிட்டக் குடு சனோபரு. நான் பேசிக்கிடுதேன் அவன்கிட்ட." சொல்லிவிட்டு, யாரோ தன்னைக் கேள்வி கேட்டதுபோல எதிர்ச் சுவரை முறைத்தாள்.

கடைசியில் 'நம்மூர்ப் பக்கம்' மட்டும் மிச்சம் இருந்தது. முதல் பக்கத்தில் நிற்பது அதுதான். பூட்டுக்குள் இருப்பதும் அதுதான். சனோபர் 'ஓடிபி அனுப்பு' என்பதை அமுக்கவில்லை. முதலில் ஆவுடையப்பனுக்குப் போட்டாள்.

"அண்ணாச்சி, சனோபர் பேசுதேன்."

"சொல்லும்மா! நானே போடலாமா வேண்டாமான்னு இருந்தேன். எப்படி இருக்காரு?"

அப்போதுதான் வார்டு கதவைத் தள்ளிக்கொண்டு ஜாய் வந்தாள். அழுது வீங்கிய முகம். நேராக ஜாஹிரா பீவியிடம் போய், "அப்பா காப்பி கேக்காரு. குடுக்கக் கூடாதுங்காங்க. குடுக்கலன்னு என்னைய ஏசுதாரு" என்று சொல்லி, அவள் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள்.

சனோபர் கண்ணைத் துடைத்தாள். "ஏசுதாராம் அண்ணாச்சி."

"அப்ப பொழச்சிக்கிட்டாரு" என்றார் ஆவுடையப்பன். "நான் அந்தப் புள்ளைய என்னமெல்லாம் பேசிட்டேன்... சரி, நீ எதுக்குப் போட்ட?"

"அந்த இன்டர்நெட் பக்கத்துல இருக்க ஒங்க நம்பர எடுக்கணும். அதுக்கு மறுபடி ஒங்களுக்கு ஓடிபி வரும்."

"ஓடிபியா? அது சொல்ல மாட்டேம்மா."

"அண்ணாச்சி, இவ்வளவுக்கு அப்புறமுமா?"

"எவ்வளவுக்கு அப்புறமும்தான். நீ நல்ல புள்ள. ஆனா போன்ல கேட்டுச் சொல்லுத பழக்கம் வந்துட்டுன்னா, நாளைக்கு எவனோ ஒருத்தன் கேப்பான், அவனுக்கும் சொல்லுவேன். நாளைக்குக் காலையில அச்சன்புதூருக்கு வா. ஒங்க மாமியாரையும் கூட்டிட்டு வா. மொகத்தப் பாத்துட்டு, ஒன் போன்ல என் கையால அடிச்சுத் தாரேன்."

"அதுவரைக்கும் அந்த நம்பருக்கு யாராவது போட்டா?"

"எடுப்பேன். எடுத்து ஒன் நம்பரச் சொல்லுவேன். திட்ட மாட்டேன்." கொஞ்சம் தயங்கினார். "ஒன் நம்பரக் குடுக்கலாம்லா? ஆம்பள, பொம்பள, யாரு கேட்டாலும்?"

சனோபர் மாமியாரைப் பார்த்தாள். ஜாஹிரா பீவி ஜாயின் ஈரத் தலையைத் தன் முந்தானையால் துவட்டிக்கொண்டிருந்தாள். பார்வை மட்டும் இங்கே இருந்தது.

"குடுங்க அண்ணாச்சி" என்றாள் சனோபர். "யாரு கேட்டாலும்."